பத்தாவது முறையில் பனி

தாராவி, பம்பாய் - 17
20-1-1985

அன்புள்ள ஜஹாங்கீர் காக்காவுக்கு, தங்கை ஷரீஃபுன்னிசாவின் ஸலாம்.

உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்று தானே இறங்கிப் போய்க் குழாயடியில் வரிசை நின்று தண்ணீர் பிடித்தார்கள். வாப்பாவுக்கு இருமல் அப்படியேதான். பட்டறையில் தோல் தூசி பறக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள் என்றால், "முப்பது வருசமா கட்டாத துணிய இப்பக் கட்டவா?" என்கிறார்கள். துபாயில் குளிர் எப்படி? ஓர் அறையில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா?

உங்கள் நண்பர் கொண்டுவந்த பொட்டலம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உம்மா பேரீச்சம்பழத்தையும் வாப்பா தைலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அடியில் நீங்கள் மடித்து வைத்திருந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாள்கள் பதினொன்றும் எனக்கு. போன லீவில் வந்தபோது, உங்கள் கடையில் டிவியோடு இணைக்கிற வீட்டுக் கம்ப்யூட்டர் விற்கிறது, அதில் கேசட் போட்டால் ஒரு யுத்தத்தையே நடத்தலாம் என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். செம்பூர் ஆபீஸில் என் முன்னால் இருக்கிற மிஷினில் அதெல்லாம் கிடையாது. காலையிலிருந்து மாலைவரை கம்பெனியின் சரக்கு எண்களைத் தட்டுவதோடு சரி.

வெளிவந்துவிட்ட ஆட்டங்களைப் பற்றி எழுதியிருந்ததை ஒரு தடவை படித்து வைத்துவிட்டேன். 'விரைவில்' என்று போட்டிருப்பவற்றைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வந்துவிட்ட ஆட்டத்தை லண்டனில் யாரோ விளையாடிக்கொண்டிருப்பார். வராத ஆட்டத்தில் அவருக்கும் எனக்கும் ஒரே தூரம்.

'நார்த் பிரிட்ஜ்' என்று ஒன்று ஏப்ரலுக்குள் வருகிறதாம். ஒரு ஆறு, மூன்று பாலம், ஆளுக்கு இருபது முறை படையை நகர்த்தலாம். கடைசியில் ஒரே ஒரு பாலத்தைக் கையில் வைத்திருந்தாலும் காக்கிற பக்கம் ஜெயிக்கும். படத்திலிருக்கிற கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். காக்கிறவன் முதல் முறையிலேயே இரண்டு பாலத்தை உடைத்துவிட்டு, மொத்தப் படையையும் மூன்றாவதில் நிறுத்தினால் தாக்குகிறவனுக்கு வழியே இல்லை. வாங்குகிறவர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்து அலுத்துவிடுவார்கள். உங்கள் முதலாளியிடம் அதிகம் வரவழைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சின்ன வயதில் தரையில் கோடு கிழித்துப் படை வைத்து விளையாடும்போது நீங்கள் இப்படிக் கணக்குப் பார்த்ததே இல்லை. எடுத்ததும் பாய்வீர்கள். நான் சிரிப்பேன். உங்களுக்குக் கோபம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து யாராவது வந்தால் இன்னும் தாள்கள். பழம் வேண்டாம்.

ஷரீஃபா

-

துபாய்
14-3-1985

அன்புத் தங்கை ஷரீஃபாவுக்கு ஸலாமும் துஆவும்.

உம்மா தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஜன்னல் பக்கம் கிடைக்கவில்லை, கதவுப் பக்கம்தான். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் என் காலை மிதித்துவிட்டுத்தான் போகிறார்கள். மற்றபடி சுகம்.

'நார்த் பிரிட்ஜ்' வந்தது. பத்தாவது நாளே இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, நீ எழுதியதை அப்படியே சொன்னார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து என்னைக் கிட்டங்கியிலிருந்து கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார். இனிமேல் பெட்டி தூக்க வேண்டியதில்லை.

கடையிலிருந்து மாதம் ஒரு செய்தித்தாள் அச்சடித்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறோம். 'இனி வருவது' என்று அதில் ஒரு பக்கம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கு வந்திருக்கிறது. ஆகையால் நீ நினைப்பதை விளக்கமாக, காரணத்தோடு எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. தாள்கள் இருபத்திரண்டு வைத்திருக்கிறேன்.

உனக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்புவதாகச் சொன்னதை மறக்கவில்லை. இந்த வருடத்துக்குள், இன்ஷா அல்லாஹ்.

ஜஹாங்கீர்

-

தாராவி
12-5-1985

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

நோன்பு நெருங்குகிறது. உம்மா இப்போதே மாவு இடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் கவுன்ட்டருக்கு வந்துவிட்டதை வாப்பா பட்டறையில் எல்லாரிடமும் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இருபத்திரண்டு தாளையும் படித்துவிட்டேன். பாலைவனப் படையெடுப்பு ஒன்று ஜூலையில் வரப்போகிறதே, 'சாண்ட் மார்ச்', அதை நம்பலாம் என்று தோன்றுகிறது. தண்ணீர் வண்டி பின்னால் வந்தால்தான் டாங்கி நகரும் என்று விளம்பரத்திலேயே சொல்கிறார்கள். அப்படியானால் அவசரப்படுகிறவன் தோற்பான். ஆனால் எழுதியிருக்கிற வேகத்தை நம்ப முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் விளையாடிப் பார்த்தேன்.

பை வெட்டுகிற அட்டையில் தேன்கூடு மாதிரி கட்டம் போட்டேன். தோல் துண்டுகளில் கறுப்பு ஒரு படை, பழுப்பு ஒரு படை. ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் கனகவள்ளியைக் கூட்டிவந்திருந்தேன். மூன்று மணி நேரம். தையல்காரர் ஒருவர் மேலே நின்று பார்த்து, "க்யா பேட்டி, லடாய்?" என்று கேட்டார். வாப்பாவும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏளா, தோல் வெட்டுற எடத்துல என்ன சண்ட?"

"ஒரு சண்டையும் இல்ல வாப்பா. தண்ணி வண்டி லேட்டா வருது, அவ்வளவுதான்."

"தாராவியில அது எப்பவும் லேட்டுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கனகவள்ளி முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றாள். மூன்றாவதில் என்னைத் தோற்கடித்தாள். ஆக ஆட்டம் நல்ல ஆட்டம்தான். பதினான்கு பக்கத்தில் காரணங்களைத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அந்தச் செய்தித்தாளில் ஒன்று அனுப்புங்களேன். பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஷரீஃபா

-

துபாய்
9-8-1985

அன்புத் தங்கைக்கு ஸலாம்.

பெருநாள் நன்றாகக் கழிந்ததா? இங்கே அறையில் எல்லாரும் சேர்ந்து பிரியாணி ஆக்கினோம். அடி பிடித்துவிட்டது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். 'சாண்ட் மார்ச்' இரண்டு தடவை வரவழைத்தும் போதவில்லை.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். இங்கிலாந்தில் இந்த ஆட்டங்களைத் தயாரிக்கிற கம்பெனி ஒன்று, இன்னும் வெளியிடாத ஆட்டத்தின் விதிமுறைகளைக் கருத்துக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். பெயர் 'தி லாங் பாஸ்'. ஒரு மலைக் கணவாய், அதில் ஒரு கோட்டை. நான் திரும்ப டைப் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். வரைபடமும் இருக்கிறது. இது வெளியே போகக் கூடாது. கனகவள்ளியோடு விளையாடலாம், ஆனால் என்னவென்று அவளிடம் சொல்லாதே. ஒரு மாதத்துக்குள் உன் பதில் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அந்தச் செய்தித்தாள் பிரதிகள் தீர்ந்துவிட்டன. பிறகு பார்க்கிறேன். உம்மாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

ஜஹாங்கீர்

-

தாராவி
11-9-1985

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம். எல்லாரும் சுகம். மழை விடவில்லை. மாடிப்படியில் இரண்டு பலகை உடைந்துவிட்டது, வாப்பா சரி செய்தார்கள்.

காக்கா, வராத ஆட்டத்தை எனக்கு முன்னால் இங்கிலாந்தில்கூட வெளியாட்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து, அன்றைக்கே அட்டையில் கட்டம் போட்டுவிட்டேன். ஒன்பது தடவை விளையாடினேன். ஐந்து தடவை கனகவள்ளியோடு, நான்கு தடவை தனியாக இரண்டு பக்கமும் நானே.

இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. நீலப் படை கோட்டைக்குள் இருக்கிறது. சிவப்புப் படை முப்பது முறைக்குள் அதைப் பிடிக்க வேண்டும். ஆனால் கோட்டையைத் தாக்கினால் ஒன்றுக்கு மூன்று பேர் சாகிறார்கள். அதனால் புத்தியுள்ள சிவப்பு தாக்காது. புத்தியுள்ள நீலம் வெளியே வராது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு முப்பது முறை உட்கார்ந்திருப்பார்கள்.

எப்படிச் சரி செய்யலாம் என்று இரண்டு வாரம் யோசித்தேன். பட்டறையில்தான் விடை கிடைத்தது. மழை பிடித்துவிட்டால் தோல் காயாது. அதனால் வாப்பா மே மாதம் முழுக்க ஆட்களை விரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜூனில் மழை விழும் என்று தெரிவதால்தான் மே மாதத்தில் வேலை நடக்கிறது. அதே போல இங்கேயும் ஒன்று வேண்டும். அந்த ஊருக்கு மழை பொருந்தாது, பனி. பத்தாவது முறையில் பனி விழட்டும். சிவப்புப் படைக்குச் சோறு வருகிற பாதை மூடிவிடும். கோட்டைக்குள் இருக்கிற தானியமும் பத்து முறைக்குத்தான் போதும். அப்போது இரண்டு பேருமே பனிக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். எட்டாவது முறையில் விழுந்தால் அவசரம், பன்னிரண்டில் விழுந்தால் சோம்பல். பத்து சரியாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இனி என் விஷயம். அம்பர்நாத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. காசிம் என்று பெயர். அங்கே ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மேலப்பாளையத்துக் குடும்பம். நல்ல மாதிரி என்கிறார்கள். அம்பர்நாத்திலிருந்து செம்பூர் ஆபீஸுக்குத் தினமும் வந்துபோக முடியாது, வேலையை விட வேண்டியிருக்கும். வாப்பா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

காக்கா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த இங்கிலாந்துக் கம்பெனிக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பார்த்துச் சொல்வதற்கு ஆள் தேவைப்படுமா? தபாலிலேயே செய்கிற வேலையாக ஏதாவது உண்டா? இருக்கிறது என்று நீங்கள் எழுதினால், ஒரு வருடம் பொறுக்கச் சொல்லி வாப்பாவிடம் கேட்பேன். கேட்டால் சம்மதிப்பார்கள். உங்கள் பதில் வரும்வரை அம்பர்நாத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் எழுதுங்கள்.

ஷரீஃபா

-

துபாய்
16-12-1985

அன்புத் தங்கைக்கு ஸலாம்.

உம்மா உடம்பு எப்படி? வாப்பா இருமலுக்கு டாக்டரிடம் காட்டினார்களா? எனக்கு நடுவில் காய்ச்சல் வந்து போனது. அதனால்தான் எழுத முடியவில்லை.

காசிமைப் பற்றி இங்கே மேலப்பாளையத்து ஆட்களிடம் விசாரித்தேன். சிகரெட்கூட இல்லையாம். இப்படிப்பட்ட இடம் திரும்ப வராது. நீ கேட்ட வேலை விஷயம், அவர்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நம்பி ஒரு வருடம் காத்திருப்பது சரியில்லை. வாப்பாவுக்கும் வயதாகிறது.

கல்யாணத்துக்கு என்னால் வர முடியாமல் போகலாம். பட்டுத் துணி அனுப்புகிறேன். கம்ப்யூட்டரும் நிச்சயம்.

நீ எழுதியிருந்த பனி விஷயத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜஹாங்கீர்

-

அம்பர்நாத்
30-3-1986

காக்காவுக்கு ஸலாம்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி நிக்காஹ் நடந்தது. பட்டுத் துணி முதல் நாள்தான் வந்து சேர்ந்தது, பச்சை எல்லாருக்கும் பிடித்திருந்தது. வேலையை விட்டுவிட்டேன். கனகவள்ளி ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்பினாள். மச்சான் நல்ல மாதிரி. வீட்டில் தண்ணீர் இரண்டு வேளையும் வருகிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷரீஃபா

-

துபாய்
21-7-1986

அன்புத் தங்கைக்கு ஸலாம். மச்சானுக்கும் என் ஸலாம் சொல்.

உன் கடிதம் சின்னதாக இருந்தது. புது வீட்டில் வேலை அதிகமாக இருக்கும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அனுப்பிய தாள்கள் கிடைத்தனவா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அக்டோபரில் வரப்போகும் கடற்படை ஆட்டத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தேன்.

கம்ப்யூட்டரை லீவில் வருகிற நண்பரிடம் கொடுத்துவிட்டேன். கேசட் பிளேயரும் இருக்கிறது. 'தி லாங் பாஸ்' வெளிவந்துவிட்டது. அதுவும் உள்ளே இருக்கிறது. உன் பனி அப்படியே வந்திருக்கிறது, பத்தாவது முறையில்.

செப்டம்பரில் கடை வேலையாக இரண்டு மாதம் இங்கிலாந்து போகிறேன். போய்ச் சேர்ந்ததும் முகவரி எழுதுகிறேன்.

ஜஹாங்கீர்

-

அம்பர்நாத்
5-10-1986

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

நீங்கள் இங்கிலாந்து முகவரி எழுதவில்லை. அதனால் துபாய்க்கே அனுப்புகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டீர்களா? எனக்கு ஐந்தாவது மாதம். உம்மா வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்கள்.

கம்ப்யூட்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. மச்சான் டிவியின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஒயரோடு மல்லுக்கட்டினார்கள். கேசட் ஓடி முடியும்வரை நான் டிவி முன்னாலிருந்து நகரவில்லை. மலை வந்தது. நடுவில் கோட்டை வந்தது. மச்சான் சிவப்பு, நான் நீலம். பத்தாவது முறையில் திரை முழுக்க வெள்ளையாகிப் பாதை மறைந்தது. "இது நீ சொன்னதா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றேன். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு வந்த சின்னப் புத்தகத்தில் இரண்டாம் பக்கத்துக்கு அடுத்து ஐந்தாம் பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு தாள் இல்லை. பிளேடால் வெட்டிய மாதிரி ஓரம் நேராக இருக்கிறது. அச்சாபீஸில் தவறியிருக்கலாம். அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஷரீஃபா

-

துபாய்
23-11-1986

ஷரீஃபா,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுத மனம் வரவில்லை. நீயும், வயிற்றில் இருக்கிற பிள்ளையும், மச்சானும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் நேற்று, நான் துபாய் திரும்பிய அன்று, என் கட்டிலின் மேல் இருந்தது. அந்தத் தாளை வெட்டியது நான்தான். விதிமுறையைத் திருத்த உதவியவர் என்று அதில் ஒரு பெயர் போட்டிருந்தார்கள். என் பெயர்.

முதலாளி 'உனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டபோது, 'சொன்னேன்' என்று உனக்கு எழுதினேனே, யாரைச் சொன்னேன் என்று எழுதவில்லை. செய்தித்தாளில் முதல் மாதமே உன் எழுத்தை இங்கிலீஷில் மாற்றி என் பெயரில் போட்டார்கள். அடுத்த மாதம் திருத்திவிடலாம் என்று இருந்தேன். அடுத்த மாதம் ஒரு எஞ்சினியர் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுவரை இந்த ஊரில் என் பெயரைக் கேட்டு யாரும் கை கொடுத்ததில்லை. பெட்டி தூக்குகிறவன் பெயர் யாருக்கு வேண்டும்? அந்தக் கை குலுக்கலுக்குப் பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் அடுத்த ஆட்டத்துக்கு உதவச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கடை வேலை என்று உனக்குப் பொய் எழுதினேன். ஒரு சின்ன ஊர், மேலே ஓர் அறை, ஆறு பேர். எல்லாரும் மரியாதையாகப் பழகினார்கள். இரண்டாம் நாள் என்னை மிஷின் முன்னால் உட்காரவைத்தார்கள். எடுத்ததும் பாய்ந்தேன். இருபது நிமிடத்தில் தோற்றுவிட்டேன். களைப்பாக இருக்கும் என்றார்கள். மறுநாளும் தோற்றேன். ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பனி ஏன் பத்தாவது முறையில் விழ வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். ஆசையாகக் கேட்டார், ஷரீஃபா. எனக்குப் பதில் தெரியவில்லை. நீ மழையையும் தோலையும் பற்றி எழுதியிருந்ததை, தாராவி என்று தெரிந்தால் கேவலம் என்று, மொழிபெயர்க்கும்போதே விட்டுவிட்டேன். திரும்ப நினைத்துப் பார்த்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. உன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். பிறகு, "போன வருடம் நாங்கள் எழுதியதற்கு ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்டார்.

இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் பனி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த மறு மாதம், தபாலிலேயே ஒரு வருட வேலை தருவதாக எழுதினார்கள். மாதச் சம்பளத்தோடு. நீ கேட்ட அதே வேலை. உனக்கு நான் டிசம்பரில் பதில் எழுதும்போது அந்தக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அதை உனக்கு வாங்கித் தருவதென்றால் உன்னைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிட்டு, காசிம் நல்லவர் என்று உனக்கு எழுதினேன். காய்ச்சல் என்றதும் பொய்.

உன் கடிதம் வந்ததால் இதைச் சொல்கிறேனா, அங்கே மாட்டிக்கொண்டதால் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மாட்டாமல் இருந்திருந்தால் அச்சாபீஸ் தவறு என்றே எழுதியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

அவர் உனக்கென்று எழுதிக் கொடுத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஜஹாங்கீர்

-

அம்பர்நாத்
15-3-1987

காக்காவுக்கு ஸலாம்.

பிப்ரவரி நான்காம் தேதி பெண் குழந்தை பிறந்தாள். அக்தர் பானு என்று பெயர் வைத்திருக்கிறோம். இருவரும் சுகம். நடுவில் நீங்கள் அனுப்பிய மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் எழுதாதது பிரசவத்தால் அல்ல. அந்தக் கம்பெனியின் பதில் வரட்டும் என்றிருந்தேன்.

பெரியவர் எனக்கு எழுதியிருந்தது மரியாதையான கடிதம். உடனே பதில் போட்டேன். பனி ஏன் பத்தாவதில் என்பதை நான்கு பக்கம் எழுதினேன், தோல், மழை, எல்லாம். போன வாரம் பதில் வந்தது. படித்துச் சந்தோஷப்பட்டாராம். அந்த வேலையைப் போன வருடம் தொடக்கத்திலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது கம்பெனி கை மாறுகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு இந்த மாதிரி ஆட்டங்களில் விருப்பமில்லை. புத்தகத்தை மறுபடி அச்சடித்தால் என் பெயரைப் போடச் சொல்லியிருப்பாராம், ஆனால் மறுபடி அச்சடிக்கப் போவதில்லை. அவ்வளவுதான்.

உங்கள் நவம்பர் கடிதத்தை மச்சானிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்கள். அப்புறம், "எங்கிட்ட யாராவது சொல்லியிருந்தா ஒரு வருசம் காத்துக்கிட்டு இருந்திருப்பேனே" என்றார்கள். "ஒரு வருசம்னா என்ன, ஓடியே போயிரும்." அவர்கள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அன்றைக்குத்தான் நானும் அழுதேன். அதற்கு முன்னால் அழவில்லை.

உங்கள் பெயர் போட்டதற்காக எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. ஆனால் அது ஆறிவிடும் என்று தெரிகிறது. செப்டம்பரில் நான் ஒரு கேள்வி கேட்டேன், அதற்கு டிசம்பரில் நீங்கள் எழுதிய பதில்தான் ஆறவில்லை. 'தெரியாது' என்று எழுதியிருந்தால்கூட நானே அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்திருப்பேன். நீங்கள் திரும்ப டைப் அடித்து அனுப்பியதில் அவர்களுடைய முகவரியைக்கூட விட்டுவைக்கவில்லை.

இன்னொன்று. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அக்டோபரில் உங்களைக் கேட்டபோது எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்க்கத்தான் கேட்டேன். நம் சாச்சா மகன் சிராஜ் லாமிங்டன் ரோட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலைக்கு இருக்கிறான் அல்லவா, அங்கே யாரோ அந்த ஆட்டத்தின் ஜெராக்ஸ் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தைப் பார்த்ததும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு ஓடிவந்துவிட்டான். "பெரியப்பா, அப்னா ஜஹாங்கீர் பாய்! இங்கிலாந்து புக்குல பேரு!" என்று கத்தினானாம். அன்றைக்கு நான் தாராவிக்கு வந்திருந்தேன்.

வாப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டறையில் தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மச்சானையும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாப்பாவின் இருமல் இப்போது அதிகமாகிவிட்டது, இரண்டு மாடி ஏற முடியவில்லை. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இருமல் வருவதில்லை.

நோன்புப் பெருநாளுக்கு லீவில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். உம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அம்பர்நாத்துக்கும் வந்து பிள்ளையைப் பாருங்கள், மச்சான் உங்களை மரியாதையாகத்தான் நடத்துவார்கள். பத்திரிகைத் தாள் கொண்டுவர வேண்டாம். வரப்போகும் ஆட்டங்களைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் பயம்.

வாப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். தோல் வாங்க யாராவது வந்தால் அந்தச் சட்டத்தைக் காட்டி, நான் அங்கே இருந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். "ஏளா ஷரீஃபா, காக்கா பேர வாசிச்சுக் காட்டு, இவங்க கேக்கட்டும்." பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய், ஒவ்வொரு தடவையும் வாசித்துக் காட்டுகிறேன்.

ஷரீஃபுன்னிசா